அஷ்டமியில் நின்ற லாரி

என் வீட்டுக்காரருக்கு மாதத்தில் நான்கு நாட்களைக் கண்டால் ஆகாது. வளர்பிறையில் ஒரு அஷ்டமி, ஒரு நவமி. தேய்பிறையில் ஒரு அஷ்டமி, ஒரு நவமி. அந்த நாட்களிலும் கடை திறந்திருக்கும், வியாபாரம் நடக்கும், கல்லாவில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். ஆனால் புதுச் சரக்கு மட்டும் உள்ளே வரக் கூடாது. வாசலில் லாரி வந்து நின்று எத்தனை முறை ஹாரன் அடித்தாலும் அசைய மாட்டார்.

"நவமி கழியட்டும் அப்பு. தொட்டது துலங்காது" என்பார்.

கல்யாணமான புதிதில் நான் ஒருநாள் கேட்டேன். "கிருஷ்ணர் பொறந்தது அஷ்டமி, ராமர் பொறந்தது நவமி. அவுக பொறந்த நாளு உங்களுக்கு ஆகாதாக்கும்?"

பதில் தயாராக இருந்தது. "அதான் பாத்தியே. ஒருத்தரு ஜெயில்ல பொறந்தாரு, ஒருத்தரு காட்டுக்குப் போனாரு."

இதற்கு மேல் என்ன வாதம் செய்ய? எனக்குக் கோபம் சட்டென்று வரும், சட்டென்று போகும். இந்த விஷயத்தில் மட்டும் முப்பது வருடமாக வந்துகொண்டே இருந்தது.

திண்டுக்கல்லில் செம்பட்டி போகிற சாலையில் எங்கள் கம்பிக் கடை இருக்கிறது. வேலிக்கு முள்கம்பி, வலைக்கம்பி, கட்டுக்கம்பி, ஆணி. குஜிலியம்பாறைப் பக்கம் வானம் பார்த்த பூமி. அங்கே ஒரு நல்ல மழை பெய்தால், விதைத்தவர்கள் ஆட்டுக்குப் பயந்து வேலி போட எங்களிடம் வருவார்கள். மழை பெய்யாவிட்டால் விதைக்கிறதை விட்டுவிட்டு ஆடு வளர்ப்பார்கள். அந்த ஆட்டை அடைக்கப் பட்டி போடவும் எங்களிடம்தான் வருவார்கள். ஆக, எங்கள் பிழைப்பு எப்படியும் ஆட்டை நம்பித்தான் ஓடுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தோம், சரக்கு வைக்கச் சொந்தமாக ஒரு கிட்டங்கி கட்டினோம்.

சரக்கு வருகிற முறையைச் சொல்லிவிடுகிறேன், கதையே அதில்தான் இருக்கிறது. லாரி முதலில் எங்கள் கடைக்கு நான்கு கடை தள்ளி இருக்கும் எடைமேடையில் ஏறும். லோடோடு எடை போடுவார்கள். பிறகு கடைக்கு வந்து சரக்கை இறக்கிவிட்டு, வெறும் வண்டியாக மறுபடி எடைமேடையில் ஏறும். இரண்டு எடையும், இரண்டு நேரமும் ஒரே சீட்டில் அச்சாகி வரும். எல்லாக் கடைக்காரர்களுக்கும் அந்த இரண்டு நேரத்துக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம் இருக்கும். எங்கள் சீட்டில் சில சமயம் இரண்டு நாள் இருக்கும். வண்டி அஷ்டமியன்று வந்துவிட்டால், எடை போடுவதில் இவருக்கு ஆட்சேபம் இல்லை. "எடை போடுறது பாக்குறது. இறக்குறதுதான் வாங்குறது" என்று ஒரு சட்டம் வைத்திருந்தார். எடை போட்ட லாரி எடைமேடைக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் நிற்கும். தசமி காலையில்தான் இறக்கம். காத்திருந்ததற்கு ஓட்டுநருக்கு நாள் கூலி கொடுத்துவிடுவார். சாப்பாடு என் பொறுப்பு.

இறக்கும்போது இன்னொரு பழக்கம். அன்றைய தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் கட்டுக் கணக்கை எழுதுவார். வண்டி எண், எத்தனை கட்டு, ஓட்டுநருக்கு என்ன கொடுத்தோம், கடைசியில் 'சரக்கு வந்து சேர்ந்தது. சேதாரம் இல்லை' என்று ஒரு வரி. கீழே ஓட்டுநர் ஒரு கையெழுத்து, இவர் ஒரு கையெழுத்து. பிறகு அந்தத் தாளை பில் குத்தும் கம்பியில் குத்திவிடுவார். சாயங்காலம் அதைப் பார்த்து ஸ்டாக் புத்தகத்தில் நான் ஏற்றுவேன். ஏற்றியபின் அந்தத் தாள் குப்பைதான். கம்பி நிறைந்ததும் அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவோம்.

சில வருடங்களுக்கு முன்பு கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு வியாபாரியிடம் மூன்று லோடு வலைக்கம்பி வாங்கினோம். நல்ல சரக்கு, நியாயமான விலை. பணம் முழுக்க வங்கி வழியாகத்தான் போனது. மூன்றில் ஒரு லோடு ஒழுங்காக ஒரு பஞ்சமியில் வந்தது. மற்ற இரண்டும் சொல்லிவைத்த மாதிரி அஷ்டமியில் வந்து நின்றன. இரண்டு தடவையும் ஒரே ஓட்டுநர், அய்யலூர்க்காரர். முதல் தடவை முணுமுணுத்தார். இரண்டாம் தடவை லாரியை விட்டு இறங்கியதும் என்னிடம்தான் கேட்டார்.

"யக்கா, இன்னைக்கு என்ன நாளு?"

"அஷ்டமி."

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். "வெஞ்சனம் என்ன வச்சிருக்கீக, அதையாவது சொல்லுங்க."

கருவாட்டுக் குழம்பு என்றேன். முகம் கொஞ்சம் தெளிந்தது.

அதெல்லாம் நடந்து வெகுகாலம் கழித்து, ஒருநாள் வரி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். அந்தக் கோயம்புத்தூர் வியாபாரி கடையை மூடிவிட்டுப் போய்விட்டாராம். அவருடைய ஜிஎஸ்டி பதிவை, பழைய தேதியிலிருந்தே செல்லாது என்று ரத்து செய்துவிட்டார்களாம். அவரிடம் வாங்கியவர்களையெல்லாம் தேடி வந்திருக்கிறார்கள்.

இதில் எங்களுக்கு என்ன வில்லங்கம் என்பதைச் சொல்ல வேண்டும். சரக்கு வாங்கும்போது விலையோடு வரியும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். பிறகு நாங்கள் விற்கும்போது அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில், முன்பு கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டுகிறோம். உள்ளீட்டு வரி வரவு என்று காகிதத்தில் எழுதுவார்கள், கடைத்தெருவில் ஐடிசி. சரக்கே வராமல் வெறும் பில்லை மட்டும் வாங்கிவைத்துக்கொண்டு அந்தக் கழிவை எடுக்கிற மோசடிக்காரர்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். வந்த அதிகாரி அப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பார்! அவர் சந்தேகப்பட்டதில் தப்பில்லை என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

எடைமேடைச் சீட்டை எடுத்துப் பார்த்தார். "லோடு எடை ஒரு தேதி, காலி எடை ரெண்டு நாள் கழிச்சு. உங்க ஸ்டாக் புக்லயும் ரெண்டு நாள் கழிச்சுத்தான் வரவு. நடுவுல சரக்கு எங்க இருந்தது?"

"வண்டியில" என்றார் இவர்.

"வண்டி?"

"வேப்ப மரத்தடியில."

"எதுக்கு?"

"அஷ்டமி, நவமி சார்."

அதிகாரி சிரித்தார். கூட வந்தவரும் சிரித்தார். இரண்டு பேரும் அதை எழுதிக்கொள்ளவில்லை. நகல்களை வாங்கிக்கொண்டு, நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்கள். விஷயம் அதோடு முடிந்தது என்று நாங்களும் நினைத்துவிட்டோம்.

பல மாதம் கழித்து வங்கிக்குப் போன இவர் வெறும் கையோடு திரும்பினார். கணக்கை முடக்கி வைத்திருந்தார்கள். ஆடிட்டரிடம் ஓடினோம். அவர் ஜிஎஸ்டி தளத்தைத் திறந்து, ஒவ்வொரு பக்கமாகத் துழாவி, ஒரு மூலையில் மூன்று நோட்டீசும் ஒரு உத்தரவும் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒன்றுகூட எங்கள் கண்ணில் பட்டதில்லை. பதிவில் இருந்த மின்னஞ்சல் முகவரி எங்கள் பழைய கணக்கருடையது. அவர் தொழிலை விட்டுவிட்டு மகனோடு சென்னைக்குப் போய் வருடங்களாகிவிட்டன. முகவரியை மாற்ற வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கதவு இருக்கிற இடமே தெரியாதவர்களுக்கு, தட்டிய சத்தம் எப்படிக் கேட்கும்? பதில் வராததால் அவர்கள் பாட்டுக்கு உத்தரவு போட்டுவிட்டார்கள். எடுத்த கழிவு முழுவதையும் வட்டியோடும் அபராதத்தோடும் திருப்பிக் கட்ட வேண்டும். கிட்டங்கியை விற்றால்தான் அவ்வளவு பணம் புரளும்.

பணம் என்னைப் பயமுறுத்தியது. இவரைப் பயமுறுத்தியது வேறு. உத்தரவில் ஒரு வரியை ஆடிட்டர் தமிழில் சொன்னார். சரக்கு வந்ததாகக் காட்டும் ஆவணங்கள் பின்னால் ஜோடிக்கப்பட்டவை, கொள்முதல் போலி.

"போலின்னா போட்டிருக்கு?" என்றார் இவர்.

"ஆமாண்ணே."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. போலின்னா?"

ஆடிட்டர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து இவர் கல்லாவில் உட்காரவில்லை. கடைக்கு வருவார், பின்னால் கம்பிச் சுருள்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். எதிரே டீக்கடையில் காலையும் மாலையும் இரும்பு வியாபாரிகள் கூடுவார்கள். இவர் போகாத நாளே கிடையாது. அங்கேயும் போவதை நிறுத்திவிட்டார். யாரோ ஒருவர் விளையாட்டாக, "என்ன அண்ணாச்சி, பில்லு மட்டும் வியாபாரமா?" என்று கேட்டாராம். கேட்டவர் மறந்திருப்பார். இவரால் மறக்க முடியவில்லை. முப்பது வருடமாக நான் திட்டித் தீர்த்த மனுஷனை அப்படி ஓரமாகப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. கல்லாவில் நான் உட்கார்ந்தேன். வருகிற போகிறவர்களிடம், "அவுக உள்ள வேலையா இருக்காக" என்று பொய் சொன்னேன்.

மேல்முறையீட்டுக்கு இருந்த கெடு தாண்டிவிட்டது என்றார் ஆடிட்டர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடுவதுதான் ஒரே வழி. மதுரையில் ஒரு வக்கீலம்மாவைக் காட்டினார். எங்கள் பெரிய பெண் வயதுதான் இருக்கும் அவருக்கு. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசினார்.

"அஷ்டமின்னு சொல்றீங்க சரி. காயிதத்துல ஏதாவது இருக்கா? கோர்ட்டுக்கு வாய்ப்பேச்சு செல்லாது சார்."

இவர் யோசித்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார். எனக்குத்தான் அந்தக் காலண்டர் தாள்கள் ஞாபகம் வந்தன. குப்பை என்றுதானே அவற்றை நினைத்திருந்தோம், அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்று எப்படித் தோன்றும்? ஊருக்கு வந்ததும் பரணிலிருந்து பெட்டிகளை இறக்கினோம். கம்பி கம்பியாக உருவி, தாள் தாளாகப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் தும்மல் நிற்கவில்லை. மூன்றாவது பெட்டியில், அஷ்டமியில் நின்ற முதல் லாரியின் தாள் கிடைத்தது. முன்பக்கம் தேதி, கீழே பொடி எழுத்தில் தசமி. பின்பக்கம் இவர் கையெழுத்தில் கட்டுக் கணக்கு. 'காத்திருப்புக் கூலி இரண்டு நாள் கொடுத்தது. சரக்கு வந்து சேர்ந்தது. சேதாரம் இல்லை.' ஓட்டுநரின் கோணல் கையெழுத்தும் இருந்தது.

இரண்டாவது லாரியின் தாள் இல்லை. அந்த வருடத்துப் பெட்டி ஒன்று குறைந்தது. யார் எடுத்தது என்று இவர் கேட்கவில்லை. கேட்காமலே நான் சொன்னேன். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று ஒரு பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டது நான்தான். பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கினேன். அந்த வாளி இன்றைக்கும் வீட்டில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எட்டி உதைக்க வேண்டும்போல இருக்கும்.

"விடு, ஒண்ணு இருக்குல்ல" என்றார் இவர். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நாங்கள் வரத் தேவையில்லை என்று வக்கீலம்மா சொல்லியும் வழக்கு நாளன்று பஸ் ஏறி மதுரைக்குப் போனோம். போலி என்ற அந்த வார்த்தையை நீதிபதி அடித்துவிடுவதை இவருக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். வராந்தாவில் எங்களைப் போல நிறையப் பேர் நின்றார்கள். கொப்பரை வியாபாரி ஒருவர், பஞ்சு வியாபாரி ஒருவர். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கதை: விற்றவர் காணாமல் போய்விட்டார், வாங்கியவர் வரிசையில் நிற்கிறார். கொப்பரைக்காரர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எங்களிடம் நீட்டினார். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரோடு பேசுகிற மாதிரி பேசிக்கொண்டு நின்றோம். நம்மைப் போல நாலு பேர் இருக்கிறார்கள் என்பதே பாதித் தெம்பு.

எங்கள் வழக்கு ஐந்து நிமிடம்கூட ஓடவில்லை. வண்டி ஏன் இரண்டு நாள் நின்றது என்று நீதிபதி கேட்டார். வக்கீலம்மா அஷ்டமி, நவமி என்று சொன்னதும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அரசு வக்கீல் எழுந்து, இது இப்போது யோசித்துச் சொல்கிற கதை என்றார். வக்கீலம்மா பிளாஸ்டிக் உறையில் போட்ட அந்தக் காலண்டர் தாளை மேலே கொடுத்தார். நீதிபதி முன்பக்கத்தைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

தீர்ப்பை வக்கீலம்மா வெளியே வந்து விளக்கினார். எங்கள் தரப்பைக் கேட்காமல் போட்ட உத்தரவு ரத்து. கேட்ட வரியில் பத்தில் ஒரு பங்கை முதலில் கட்ட வேண்டும், கட்டியதும் வங்கிக் கணக்கு திறக்கும். திண்டுக்கல் அதிகாரி எங்களை நேரில் கூப்பிட்டு, எல்லா ஆவணங்களையும் பார்த்து, புதிதாக உத்தரவு போட வேண்டும்.

நான் வக்கீலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இவர் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார்.

"போலி இல்லன்னு சொல்லலையே தாயி?"

"சார், அதை இந்தக் கோர்ட்டுல சொல்ல மாட்டாங்க. சரக்கு வந்ததா இல்லையான்னு அதிகாரிதான் பாக்கணும். நீங்க பேசுறதுக்கு ஒரு வாய்ப்பு வாங்கிக் குடுத்திருக்கேன். போய்ப் பேசுங்க."

பஸ்ஸில் திரும்பும்போது சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கொடைரோடு தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். "ரெண்டாவது லோடுக்கு என்னத்தைக் காட்டுவ?"

அவருக்குத் தெரியாது, கோர்ட்டை விட்டு வந்து ஒத்தக்கடையில் பஸ் ஏறும்போதே நான் அதை முடிவு செய்துவிட்டேன். தாள் போனால் போகிறது. ஆள் இருக்கிறார் அல்லவா?

அடுத்த வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் அய்யலூர்ச் சந்தைக்குப் போய் நின்றேன். அந்த ஓட்டுநர் பெரிய லாரியை விட்டுவிட்டு இப்போது ஆடு ஏற்றுகிற சின்ன வண்டி ஓட்டுகிறார் என்று எடைமேடைக்காரர் சொல்லியிருந்தார். ஆட்டுச் சந்தையில் ஒரு ஆளைத் தேடுவது லேசுப்பட்ட காரியமில்லை. திரும்பிய பக்கமெல்லாம் ஆடு, ஆட்டுக்கு இரண்டு பக்கமும் ஆள். இரண்டு கிடாக்கள் என் சேலைத் தலைப்பை ருசி பார்த்தன. கடைசியில் அவர்தான் என்னைக் கண்டுபிடித்தார்.

"யக்கா! இங்க என்ன பண்றீக? கம்பிக் கடைய மூடிட்டு ஆட்டு யாவாரமா?"

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் வண்டிக் கதவில் சாய்ந்து சிரித்தார்.

"அந்த ரெண்டு நாளை நான் மறப்பனா? தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்குப் போக முடியாம, அந்த வேப்ப மரத்தடியில காக்கா எச்சத்துல படுத்துக் கெடந்தேன். அண்ணாச்சிய நான் திட்டாத திட்டில்ல."

"அதை வந்து ஆபீசுல சொல்லுவீகளா?"

"சொல்லுறேன். ஆனா என் பேச்சை நம்புவாகளா?" என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு வீட்டுக்காரிக்கு போன்ல பேசி அனுப்புனேன். வாட்ஸ்அப்ல. அவ எதையும் அழிக்க மாட்டா. எப்பச் சண்டை வந்தாலும் பழசை எடுத்துப் போட்டுக் காட்டுவா. ஆனா அது வேணாம்க்கா. அதுல அண்ணாச்சிய ஒரு மாதிரி பேசியிருக்கேன்."

"எம்புட்டு மோசமா?"

"ரொம்ப."

அவரைக் கட்டிப்பிடிக்காத குறைதான். ரொம்ப மோசமாகப் பேசியிருந்தால் ரொம்ப நல்லது என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

திண்டுக்கல் அலுவலகத்தில் பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் ஒரு அம்மா. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தார். வங்கிக் கணக்கு, பில், விற்றவர் அந்தச் சமயத்தில் வரி கட்டியதற்கான விவரம், எல்லாம் ஆடிட்டர் அடுக்கிக் கொடுத்தார். காலண்டர் தாளைப் பார்த்துவிட்டு, மேஜையில் பஞ்சாங்கம் ஒன்றை வைத்துத் திதியைச் சரிபார்த்தார். எங்கிருந்தோ வாங்கித் தயாராக வைத்திருக்கிறார் பாருங்கள். அப்போதே எனக்கு அவர் மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

"முதல் லோடுக்கு இது இருக்கு. ரெண்டாவது லோடுக்கு?"

ஓட்டுநர் எழுந்து நின்றார். நடந்ததைச் சொன்னார். அதிகாரியம்மா கேட்டுக்கொண்டார். "வேற ஏதாவது இருக்கா?" என்றார்.

ஓட்டுநர் மனைவியின் போனைக் கையில் வைத்துக்கொண்டு நெளிந்தார். "மேடம், இருக்கு. அண்ணாச்சி செத்த நேரம் வெளிய இருந்தா நல்லது."

"அவரோட கேஸ். அவர் இருக்கணும். போடுங்க."

அவர் போட்டார். அந்தச் சின்ன அறை முழுக்க அவர் குரல் நிறைந்தது.

"இந்தா, கேட்டுக்க. நாளைக்குக் காதுகுத்துக்கு என்னைய எதிர்பாக்காத. திண்டுக்கல்லுல ஒரு கம்பிக் கடைக்காரன், மண்டையில அம்புட்டும் அஷ்டமி. காலைல லோடோட வந்தேன், எடை போட்டாச்சு, இறக்க மாட்டேங்குறான். இன்னைக்கு அஷ்டமியாம், நாளைக்கு நவமியாம். கூறுகெட்ட மனுசன். வண்டி பூரா கம்பி, நான் அதை எண்ணிக்கிட்டு மரத்தடியில கெடக்கேன். அந்தக்கா குடுக்குற கருவாட்டுக் கொழம்பாலதான் உசுரு கெடக்கு. இவன் கடையில இடி விழ..."

அதற்கு மேலும் இருந்தது. எழுத முடியாது.

ஓட்டுநர் தரையைப் பார்த்தார். ஆடிட்டர் கூரையைப் பார்த்தார். நான் இவரைத் திரும்பிப் பார்க்கப் பயந்தேன். ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். இவர் சிரித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதம் கழித்துத் தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

"இன்னொரு தடவை போடு அப்பு" என்றார்.

அதிகாரியம்மா போனை வாங்கி, பேசி அனுப்பிய தேதியைக் குறித்துக்கொண்டார். எடைமேடைச் சீட்டின் தேதியோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்று. ஒரு காகிதத்தில் ஏதோ எழுதினார். எழுதினார் என்பதுதான் விஷயம். முதலில் வந்தவர்கள் அதைத்தான் செய்யவில்லை.

உத்தரவு வரச் சில வாரங்கள் ஆயின. ஒரு மதியம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் ஆடிட்டர் கூப்பிட்டார். உத்தரவு தளத்தில் ஏறிவிட்டது, போனுக்கு அனுப்பியிருக்கிறேன், அதில் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள் என்றார். நான் சுவரைப் பார்த்தேன். காலண்டரில் அன்றைக்கு நவமி.

இவர் பின்னால் ஸ்டூலில் இருந்தார். நான் போய் நின்றேன்.

"உத்தரவு வந்திருச்சு. இன்னைக்கு நவமி. நாளைக்குப் பாத்துக்குவமா?"

கேலியாகத்தான் கேட்க நினைத்தேன். குரல் கேலியாக வரவில்லை.

"படி" என்றார்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிப் படித்து, ஆடிட்டர் சொன்னதையும் சேர்த்துத் தமிழில் சொன்னேன். தங்கள் வழக்கப்படி அஷ்டமி, நவமியில் சரக்கை இறக்குவதில்லை என்ற வியாபாரியின் விளக்கம் ஏற்கப்படுகிறது. சரக்கு உண்மையாக வந்து சேர்ந்திருக்கிறது. கொள்முதல் உண்மையானது. எடுத்த வரவு செல்லும். நடவடிக்கை கைவிடப்படுகிறது.

"உண்மையானதுன்னு போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"நல்லாப் பாரு."

இன்னொரு தடவை படித்தேன். மூன்றாம் தடவையும் படிக்கச் சொன்னார், படித்தேன். முப்பது வருடம் நான் கேலி செய்த பழக்கத்தை அரசாங்க முத்திரையோடு என் வாயாலேயே மூன்று முறை படிக்கவேண்டி வந்தது. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

இவர் எழுந்தார். வேட்டியில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். நான் விலகிக்கொள்ள, கல்லாவில் உட்கார்ந்தார். எதிரே டீக்கடையிலிருந்து யாரோ கையைத் தூக்கினார்கள். இவரும் தூக்கினார். பிறகு எட்டிச் சுவரில் இருந்த அன்றைய தாளைக் கிழித்தார். லாரி ஏதும் வரவில்லையே, எதற்குக் கிழிக்கிறார் என்று பார்த்தேன். திருப்பிப்போட்டு, நிதானமாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். ஓட்டுநர் கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டி என்னிடம் நீட்டினார்.

'பேர் வந்து சேர்ந்தது. சேதாரம் இல்லை.'

நான் கையெழுத்துப் போட்டு, தாளைக் கம்பியில் குத்தினேன்.